அரசியல் கொள்கை ஓர் இசையமைப்பாளரின் சுரங்களுக்குள் நுழையுமா?

கேள்வி: உவர்மலை வீணை

வணக்கம். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு வீணை கற்பிக்கின்றேன். உயர்தரத்தில் மேலைத்தேய சங்கீதம் படிக்கும் என் மருமகள், ஜேர்மன் கம்யூனிச இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர் தம் குருவான, ஆஸ்திரிய நவீன இசையமைப்பாளர் ஷேன்பெர்க்குடன் ஏன் முரண்பட்டார் என்று கேட்டாள். அரசியல்தான் காரணம் என்பதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. அரசாங்கத்துக்கு அஞ்சி எழுதியவர்களை விடுங்கள். ஒரு கொள்கையைத் தாமாகவே விரும்பி ஏற்றவர்களின் இசையில் அந்தப் பற்று எங்கே தெரிகிறது? சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் இசையை எளிமையாக்கத்தான் வேண்டியிருந்ததா? வாய்ப்புகளை அது எவ்வாறு பாதித்தது?

பதில்: நிலாவெளி ரசிகன்

ஐஸ்லர், ஷேன்பெர்க் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்த மாணவர். 1926இல் இருவருக்கும் முறிவு ஏற்பட்டது. நவீன இசை தன்னைச் சுற்றி நடப்பவற்றுக்குக் காதை மூடிக்கொண்டது என்பதே ஐஸ்லரின் மனக்குறை. அதன்பின் அவர் பேர்லினின் தொழிலாளர் பாடகர் குழுக்களுக்காக எழுதத் தொடங்கினார். 1932இல் வெளிவந்த ‘கூலே வாம்பே’ திரைப்படத்துக்கென நாடகாசிரியர் பிரெக்டின் வரிகளுக்கு அவர் இசையமைத்த ஒற்றுமைப் பாடலை மருமகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். அணிவகுப்புப் பாட்டென்றால் நம் சங்கராபரணத்தை ஒத்த மேஜரில் முழங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இதுவோ நடபைரவியின் பக்கம் சாயும் மைனரில், சீராக நடைபோடும் கீழ்ச்சுரங்களின் மேல், எங்கும் உருகி நிற்காமல் செல்கிறது. தெருவில் பாடக்கூடிய பாட்டுத்தான். ஆனால் அதன் எளிமை கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது.

குருவிடம் கற்ற பன்னிரு சுர முறையையும் (ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களையும் சம மதிப்புடன் ஒரு வரிசையில் கையாளும் முறை) அவர் கைவிட்டுவிடவில்லை. 1935இல் தொடங்கிய ‘ஜேர்மன் சிம்பொனி’யில் ஹிட்லருக்கு எதிரான வரிகளை அம்முறையிலேயே அமைத்தார். மழையைப் பற்றிய ஒரு மௌனப்படத்துக்கு 1941இல் எழுதிய பன்னிரு சுரப் படைப்பை, பின்னர் ஷேன்பெர்க்கின் எழுபதாவது பிறந்தநாளுக்கே காணிக்கையாக்கினார். தொழில் வாழ்க்கைதான் அலைக்கழிந்தது: 1933இல் நாடிழந்து, ஹொலிவூட்டில் இரண்டு முறை ஒஸ்கார் பரிந்துரை பெற்று, 1947இல் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டில் விசாரணைக்கு இழுக்கப்பட்டு, மறுவருடம் அமெரிக்காவை விட்டு வெளியேறினார். 1949இல் கிழக்கு ஜேர்மனியின் தேசிய கீதத்துக்கு இசையமைத்தவரும் அவரே. அதே நாட்டில் 1953இல் அவருடைய ‘ஃபவுஸ்டுஸ்’ ஒபேராவுக்கென அவர் எழுதிய பாடல்வரிகள் கடுமையாகத் தாக்கப்பட, அதற்கு இசை எழுதாமலே விட்டுவிட்டார்.

பதில்: பாலையூற்றான்

ஆங்கில இசையமைப்பாளர் அலன் புஷ்ஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கு அவரே பொருத்தமானவர் என்பேன். லண்டன் றோயல் இசைக் கழகத்தில் 1925 முதல் 1978 வரை கற்பித்தவர், 1935இல் பிரித்தானியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1941இல் பிபிசி அவருடைய இசையை ஒலிபரப்ப மறுத்தபோது, அவரது அரசியலில் உடன்பாடே இல்லாத இசையமைப்பாளர் வோன் வில்லியம்ஸ், பிபிசிக்காகத் தாம் எழுதிய பாடலைத் திரும்பப் பெற்று எதிர்ப்புத் தெரிவித்தார். தடையும் நெடுநாள் நீடிக்கவில்லை. (இப்படி ஒரு சகபாடி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.) 1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியைப் பற்றிய ‘வற் ரைலர்’ ஒபேராவுக்கு 1951இல் இங்கிலாந்தில் பரிசு கிடைத்தது, மேடை கிடைக்கவில்லை. முதலில் மேடையேறியது 1953இல் லைப்சிக் நகரில், தாய்நாட்டில் 1974இல்தான்.

எளிமையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு சுரமும் கருப்பொருளோடு தொடர்புற வேண்டும் என்று 1929இல் நால்வர் நரம்பிசைக்காக ‘டயலெக்டிக்’கை இழைத்தவர், மக்களுக்குப் புரியும் இசையே வேண்டும் என்று சோவியத் கட்சி வற்புறுத்திய 1948க்குப் பிறகு நாட்டார் பாடல்களை ஒட்டிய தெளிந்த நடைக்கு மாறினார். கட்சிக் கொள்கையின் நேரடி விளைவு இது, இழப்பும்கூட என்பது என் கருத்து.

பதில்: உவர்மலை வீணை

நன்றி, ஐயா. இழப்பு என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகத்தை ஊரே சேர்ந்து பாடுகிறது. அதனால் அது தாழ்ந்துவிடவில்லையே.

பதில்: பாலையூற்றான்

எளிமையைக் குறை சொல்லவில்லை, அம்மா. ஐஸ்லர் தெருவுக்கு ஒரு நடை, அரங்குக்கு ஒரு நடை என இரண்டையும் கையில் வைத்திருந்தார். புஷ் அரங்கின் நடையையே மாற்றினார். ‘டயலெக்டிக்’கில் நான்கு கருவிகளும் ஒன்றையொன்று மறித்து வாதாடும் இறுக்கத்தைப் பின்னாளைய ஒபேராக்களில் நான் கேட்கவில்லை. மருமகளுக்கு முதலில் அதையே கேட்கக் கொடுங்கள். ‘வற் ரைலர்’ பிறகு போதும்.