இன்ஜினின் புகை மேனிஃபோல்டில் துளை போட்டு சூட்டு மீட்டர் சென்சார் மாட்டலாமா?

மண்டபம், விசைப்படகு:
ஜூன் 14-இல் தடைக்காலம் முடிவதற்குள் இந்த வேலையை முடிக்க வேண்டும். மடி இழுக்கும்போது கரும்புகை தள்ளுகிறது, தண்ணீர் சூடு மட்டும் ஏறவே இல்லை. புகையின் சூட்டைப் பார்க்க கே-டைப் சென்சாரும் (இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளால் சூட்டை அளப்பது) மீட்டரும் வாங்கிவிட்டேன். சென்சாரின் மரை 1/8 என்பிடி (அமெரிக்க அளவுக் குழாய் மரை). இன்ஜின் ஆறு சிலிண்டர், டர்போ உண்டு. மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாயை, கழற்றாமலே துளை போட்டு டேப் அடிக்கலாமா (மரை வெட்டலாமா)? இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

தங்கச்சிமடம், லேத் பட்டறை:
அண்ணே, தூளை அப்புறம் பார்ப்போம். மேனிஃபோல்டுக்குத் தண்ணீர் ஹோஸ் ஏதாவது வருகிறதா? படகு இன்ஜின்களில் பலவற்றுக்கு மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் அறை இருக்கும். அதில் துளை போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி இன்ஜினே போய்விடும். ஹோஸ் இல்லை என்றால் போடலாம், ஆனால் கழற்றித்தான். 8.5 மி.மீ. பிட், மெதுவான சுற்று. டேப்பில் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதில் ஒட்டும். என்பிடி கூம்பு மரை, டேப்பை முழுக்க இறக்கிவிடாதீர்கள். சென்சாரைத் திருகித் திருகிப் பார்த்து நிறுத்துங்கள். பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) டேப்பை எடுத்துவிட வேண்டாம். என்பிடி-க்கு அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பி-க்கு 28. இரண்டு சுற்று ஏறும், அப்புறம் கடித்துக்கொள்ளும்.

மண்டபம், விசைப்படகு:
இப்போதுதான் படகிலிருந்து வருகிறேன். பெயின்டும் உப்பும் படிந்து தெரியாமல் இருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு ஹோஸ். நல்லவேளை, டிரில்லைக் கையில் எடுக்கவில்லை. இனி என்ன செய்வது?

தங்கச்சிமடம், லேத் பட்டறை:
டர்போவை விட்டு வெளியே வரும் பெண்டை (வளைவுக் குழாயை) கழற்றிக் கொண்டு வாருங்கள். தகடு மெல்லிசு, மரை நிற்காது. துளை போட்டு, அதன்மேல் ஒரு பாஸை (மரை நிற்கத் தடித்த இரும்புத் துண்டை) வெல்டிங் வைத்து அதில் டேப் அடித்துத் தருகிறேன். சென்சார் முனை குழாயின் நடுவுக்கு வர வேண்டும். டர்போவுக்குப் பின்னால் என்பதால் மீட்டர் மேனிஃபோல்டில் இருக்கும் சூட்டைவிட 100 டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும், அதை மனதில் வையுங்கள்.

கீழக்கரை, எலக்ட்ரிக்கல்:
சென்சார் வயர் வீல்ஹவுஸ்வரை எட்டவில்லை என்று சாதாரண செம்பு வயரை ஒட்டுப் போடாதீர்கள், அளவு தப்பாகக் காட்டும். கே-டைப் வயரே வாங்குங்கள். பிளஸ், மைனஸ் குழம்பினால் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும் கம்பிதான் மைனஸ்.

தங்கச்சிமடம், லேத் பட்டறை:
இன்னொன்று, அண்ணே. ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் கழற்றிப் பார்த்தீர்களா? காற்று போதாமல் இருந்தாலும் இழுவையில் கரும்புகைதான் வரும். பெண்டைக் கழற்றும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.