ஆட்வேர்ட்ஸ் ஏபிஐ ஏப்ரல் 27-ல் மூடல்: ஷிம் போட்டு ஒப்பேத்தலாமா, திருப்பி எழுதணுமா? (2022 மூடலுக்கு முன்னாடி மூணு பேர் பேசினது; அந்த ஏபிஐ இப்போ இல்ல)

குறுக்குவழி:
2022 ஏப்ரல் 27-ல ஆட்வேர்ட்ஸ் ஏபிஐக்கு (கூகுள் விளம்பரக் கணக்கை நிரல் வழியா இயக்கற பழைய வாசல்) பூட்டு. கடைசி வெர்ஷன் வி201809-ம் சேர்த்து. நம்ம பழைய கோடு (நிரல்) நம்பி இருக்கிறது அது தர்ற சிஎஸ்வியை (கமா போட்ட அட்டவணைக் கோப்பு). அதைத்தான் டேஷ்போர்டு, பிட் ஸ்கிரிப்ட் (ஏல விலையை மாத்தற நிரல்), மாதக் கணக்கு எல்லாம் தின்னுது. எல்லாத்தையும் பிரிச்சுப் போட வேண்டியதில்லைங்கறது என் கட்சி. உள்ளே புதுசான கூகுள் ஆட்ஸ் ஏபிஐயைக் கூப்பிட்டு, வெளியே பழைய தலைப்போட அதே சிஎஸ்வியைத் தர்ற ஷிம் (நடுவுல நிக்கற மாற்றி நிரல்) ஒண்ணு போதும். புதுசுல கேம்பெய்ன் ரிப்போர்ட்டுக்கு கேம்பெய்ன்ங்கற டேபிள், கீவேர்டு ரிப்போர்ட்டுக்கு கீவேர்டு_வியூ, தேடல் சொல்லுக்கு சர்ச்_டெர்ம்_வியூ. குவெரியை ஜிஏக்யூஎல்லா (புது ஏபிஐயோட கேள்வி மொழி) மாத்தி சர்ச்ஸ்ட்ரீம்ங்கற அழைப்புல விட்டா மொத்தமும் ஒரே ரிக்வெஸ்ட்ல வந்துடும்.

நூல்கண்டு:
தலைப்பு ஒன்றாக இருந்தால் உள்ளிருப்பதும் ஒன்று என்று நம்புகிறீர்கள். சிடிஆர் (விளம்பரம் காட்டப்பட்டதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது) பழைய ரிப்போர்ட்டில் "4.20%" என்று எழுத்தாக வரும். புதியதில் 0.042. பழைய கோடு % குறியை வெட்டி 100-ஆல் வகுக்கும். ஷிம் எண்ணை அப்படியே கடத்தினால் கிடைப்பது 0.00042. எர்ரர் வராது, லாகில் ஒரு வரி இருக்காது. பிட் ஸ்கிரிப்ட் மட்டும் எல்லா கீவேர்டையும் உதவாதது என்று முடிவு கட்டிவிடும்.

இம்ப்ரெஷன் ஷேர் (கிடைத்திருக்கக்கூடிய காட்சிகளில் நமக்குக் கிடைத்த பங்கு) இன்னும் மோசம். பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் பழையது "< 10%" என்று சொல்லும். புதியது 0.0999 தரும். அது அளவே அல்ல, "பத்துக்குக் கீழே" என்பதற்கான அடையாளம். எண்ணாகப் பார்த்து சராசரி போட்டால் 1% வாங்கிய கேம்பெய்னும் 9.99% வாங்கியதாகக் கணக்கில் ஏறும்.

குறுக்குவழி:
இது சோம்பேறி ஷிம்முக்கு எதிரான வாதம், ஷிம்முக்கு எதிரானது இல்ல. நூறால பெருக்கி ரெண்டு தசமத்துல நிறுத்தி % ஒட்டு. 0.0999 வந்தா "< 10%"னு எழுது. ஸ்டேட்டஸ் பைத்தான்ல எண்ணா வந்தா 2 எனேபிள்டு, 3 பாஸ்டு, 4 ரிமூவ்டு. காஸ்ட்டுக்கு அந்தத் தலைவலியும் இல்ல, ரெண்டுலயும் மைக்ரோஸ்தான்: ஒரு ரூபாய்க்கு 10,00,000.

ராப்பகல்:
காஸ்ட்டிலும் ஒரு குழி இருக்கு ப்ரோ. ரெஸ்ட் (REST) முறை வழியா எடுத்தா பெரிய முழு எண்கள் மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல 0 + "12500000" + "8000000" போட்டுப் பாருங்க. கூட்டாது, ஒட்டும். ரூ.12.50-ம் ரூ.8-ம் சேர்ந்து ரூ.20.50 வரணும், வர்றது ரூ.12,50,00,008. இவ்வளவு பெருசா தப்பினா பரவாயில்ல, யாராவது பார்த்துடுவாங்க. நூல்கண்டு சொன்ன சிடிஆர் மாதிரி சத்தமில்லாம தப்புறதுதான் ஆபத்து.

பூஜ்ய வரிசைகளும் அப்படித்தான். குவெரியோட செலக்ட் (SELECT) பகுதியில செக்மென்ட் (தேதி மாதிரி பிரிச்சுக் காட்டற ஃபீல்டு) எதுவும் இல்லேன்னா இம்ப்ரெஷனே இல்லாத கீவேர்டும் வரும். செக்மென்ட்ஸ்.டேட்டை செலக்ட்ல சேர்த்த உடனே எல்லா அளவும் பூஜ்யமான வரிசை காணாமப் போயிடும். தேதியை வேர் (WHERE) பகுதியில மட்டும் வெச்சா இப்படிக் காணாமப் போகாது. அதனால ஒரே கணக்குல ரெண்டு குவெரி ரெண்டு வரிசை எண்ணிக்கை சொல்லும். பூஜ்யம் வேண்டாம்னா மெட்ரிக்ஸ்.இம்ப்ரெஷன்ஸ் > 0-ன்னு வெளிப்படையாவே எழுதிடுங்க.

நூல்கண்டு:
சரி, ரிப்போர்ட் பக்கத்தை விட்டுத் தருகிறேன். மாற்றங்களை அனுப்பும் பக்கம்? பழைய ஏபிஐயின் சோப் (SOAP) முறையில் அனுப்பாத ஃபீல்டை அது தொடாது. புதியதில் எதை மாற்றுகிறோம் என்று அப்டேட்_மாஸ்க்கில் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி மதிப்பைக் காலியாக விட்டால், அழித்துவிடு என்று பொருள். கேம்பெய்னை பாஸ் செய்ய பழைய கோடு ஐடியும் ஸ்டேட்டஸும் மட்டும்தான் தரும். ஷிம் பாதுகாப்புக்கு என்று எல்லா ஃபீல்டையும் மாஸ்க்கில் போட்டால் டிராக்கிங்_யூஆர்எல்_டெம்ப்ளேட் துடைத்து விடப்படும். பிறகு கேம்பெய்னை எனேபிள் செய்தால் கிளிக் வரும், காசும் போகும், எங்கிருந்து வந்த கிளிக் என்று மட்டும் தெரியாது. மாஸ்க்கில் ஸ்டேட்டஸ் என்ற ஒரே சொல் இருந்திருக்க வேண்டும்.

குறுக்குவழி:
காலியா வந்த ஃபீல்டை மாஸ்க்ல சேர்க்காதேன்னு ஒரு நிபந்தனை போட்டா முடிஞ்சுது.

நூல்கண்டு:
அப்படியானால் உண்மையிலேயே டெம்ப்ளேட்டை அழிக்க நினைப்பவர் என்ன செய்வார்? "தொடாதே", "அழி" இரண்டும் உங்கள் ஷிம்முக்கு ஒரே காலியிடம். அழைக்கும் கோடு சொன்னால் ஒழிய வேறுபாடு தெரியாது. அழைக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் அது திருப்பி எழுதுவதுதான்.

இன்னொன்று. 2022 ஜூன் 30-க்குப் பிறகு எக்ஸ்பாண்டட் டெக்ஸ்ட் ஆட் என்ற பழைய வகை விளம்பரத்தை உருவாக்கவோ திருத்தவோ முடியாது. பாஸ், எனேபிள், ரிமூவ் மட்டும்தான். விளம்பரம் உருவாக்கும் ஷிம்முக்கு ஆயுள் இரண்டு மாதம்.

குறுக்குவழி:
ரெஸ்பான்சிவ் சர்ச் ஆடா (வாசகங்களைக் கூகுளே கலந்து காட்டற புது வகை விளம்பரம்) மாத்தி அனுப்பலாமே. மூணு ஹெட்லைனையும் 1, 2, 3-ன்னு அதனதன் இடத்துல பின் பண்ணிட்டா பழைய ஆடு மாதிரியே தெரியும்.

நூல்கண்டு:
மூன்று இருந்தால். பழைய ஆடில் மூன்றாவது ஹெட்லைனும் இரண்டாவது டிஸ்கிரிப்ஷனும் விருப்பம்தான். ரெஸ்பான்சிவில் குறைந்தது 3 ஹெட்லைன், 2 டிஸ்கிரிப்ஷன் கட்டாயம். இரண்டு ஹெட்லைனும் ஒரு டிஸ்கிரிப்ஷனுமாக இருக்கும் ஆடுக்கு ஷிம் எங்கே போய் வாசகம் வாங்கி வரும்? அதை எழுத வேண்டியவர் விளம்பரம் எழுதுபவர். ஒரு குவெரியில் அந்தப் பட்டியலை எடுத்து இப்போதே அவர் கையில் கொடுங்கள். கூடவே, ஒரு ஆட் குரூப்பில் எனேபிள் ஆன ரெஸ்பான்சிவ் ஆடு 3-க்கு மேல் இருக்க முடியாது. ஐந்து பழைய ஆடை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றக் கிளம்பினால் நான்காவதில் நிற்கும்.

குறுக்குவழி:
சரி, ஆடு உருவாக்கறதைத் திருப்பி எழுதறதுதான் நியாயம். ரிப்போர்ட்டுக்கு ஷிம்முங்கறதை விட மாட்டேன்.

ராப்பகல்:
எதை எடுத்தாலும் ஏப்ரலுக்கு முன்னாடி பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுங்க. ஒப்பிட நேத்தைய தேதி எடுக்காதீங்க, கன்வர்ஷன் (கிளிக்குக்கு அப்புறம் நடக்கற வாங்கல் மாதிரியானது) இன்னும் ஏறிக்கிட்டே இருக்கும். உங்க கன்வர்ஷன் விண்டோ (கிளிக்குக்கு அப்புறம் அதை எண்ணற காலம்) 30 நாள்னா அதுக்கு முந்தின ஒரு வாரம். கேம்பெய்ன் வாரியா, நாள் வாரியா கிளிக்கும் காஸ்ட்டும் ஒத்துப்போகணும்.

மாத்தற ரிக்வெஸ்டை முதல்ல வேலிடேட்_ஒன்லி (சரிபார்க்க மட்டும், எதையும் மாத்தாது) போட்டு அனுப்புங்க. பார்ஷியல்_ஃபெயிலியர் (சிலது விழுந்தாலும் மத்ததை நடத்து) போட்டிருந்தா ரிக்வெஸ்ட் ஜெயிச்ச மாதிரியே திரும்பி வரும். உள்ள பார்ஷியல்_ஃபெயிலியர்_எர்ரரைத் திறந்து பார்த்தாதான் எந்த ஆபரேஷன் விழுந்ததுன்னு தெரியும். மேனேஜர் அக்கவுண்ட் (பல கணக்கை ஒண்ணா நிர்வகிக்கற கணக்கு) வழியா போறவங்க லாகின்-கஸ்டமர்-ஐடி ஹெடர்ல மேனேஜரோட எண்ணை வைக்கணும், நடுவுல ஹைஃபன் இல்லாம பத்து இலக்கம். அனுமதி இல்லைன்னு எர்ரர் வந்தா டோக்கனைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.