52 வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி: போடலாமா, விடலாமா?

மாலைநடை: வயது 52. ஆறு மாதமாகச் சோர்வு. மத்தியானம் ஆபீஸ் நாற்காலியிலேயே கண் சொருகுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன்; ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 280. ஜிம் மாஸ்டர் ஊசி போடச் சொல்கிறார். போட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய இரும்பு: தைரியமாகப் போடுங்கள் சார். எனக்கு 57. இரண்டு முறை பார்த்தும் 190தான். ஊசி ஆரம்பித்து மூன்று மாதத்தில் ஆசை திரும்பியது, மனைவியிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுக்கிறார்கள். நமக்கு மட்டும் 'வயசாச்சு, சும்மா இரு' என்பதா?

வேப்பங்குச்சி: அண்ணே, அதுவும் இதுவும் ஒன்றல்ல. பெண்களுக்குச் சினைப்பைச் சுரப்பு ஏறக்குறைய நின்றே போகிறது. ஆண்களுக்கு 40க்கு மேல் வருடத்துக்கு 1 சதவீதம் போலக் குறையும், அவ்வளவுதான். மாலைநடை சார், அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். இது காலையில்தான் உச்சத்தில் இருக்கும். 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்க்க வேண்டும். அப்புறம், குறட்டை உண்டா? தொப்பை? சோர்வுக்கும் குறைந்த அளவுக்கும் அவையே காரணமாக இருக்கலாம்.

பழைய இரும்பு: பயமுறுத்தாதீர்கள் தம்பி. 2023இல் வந்த டிராவர்ஸ் ஆய்வு, 5,200 பேர், எல்லாம் இதய ஆபத்து உள்ளவர்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லையே?

வேப்பங்குச்சி: கூடவில்லை, சரி. ஆனால் அதே ஆய்வில் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டும் டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களிடம், மருந்தில்லாத போலி ஜெல் தடவியவர்களைவிடக் கூடுதல். அங்கே கொடுத்ததும் ஊசி இல்லை, தோலில் தடவும் ஜெல். அதில் சேர்ந்தவர்களும் காலை டெஸ்டில் இரண்டு முறை 300க்குக் கீழே வந்தவர்கள், அறிகுறியும் இருந்தவர்கள். ஜிம் மாஸ்டர் அனுப்பியவர்கள் இல்லை. இன்னொன்று, வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விதைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு பூஜ்யம்வரை போகலாம். குழந்தைக்கு முயற்சி செய்யும் பையன்கள் கவனிக்க.

பழைய இரும்பு: மறைப்பானேன், போன வருடம் எனக்கு ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதம் வந்து டாக்டர் ஊசியை நிறுத்தினார். ரத்தம் அவ்வளவு கெட்டி. இறங்கிய பிறகு டோஸைக் குறைத்துத் திரும்ப ஆரம்பித்தோம். அதற்காக இது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மாலைநடை: எடை 94 கிலோ. குறட்டையா? மனைவி தலையணையோடு ஹாலுக்குப் போய் ஒரு வருடமாகிறது. திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு போகிறேன்.

வேப்பங்குச்சி: அப்படியே தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பழைய இரும்பு: பாருங்கள் சார். 190 வந்தால் இங்கேதான் இருப்பேன்.