ஏழு மாதச் சினை மாட்டுக்குத் தீனி எவ்வளவு?

அண்ணன்மாரே, குலசேகரம் பக்கம் நாலு மாடு வளர்க்கிறேன். காளைக்கன்றுகளை இறைச்சிக்குத்தான் கொடுப்பது. போன ஈற்றில் ஒரு மாட்டைச் சினைக்காலம் முழுக்க வெறும் வைக்கோலில் ஓட்டிவிட்டேன். கன்று நோஞ்சானாகப் பிறந்தது. என்ன போட்டும் தொடையில் சதை ஏறவில்லை. தசைநார்களின் எண்ணிக்கை தாய் வயிற்றிலேயே முடிவாகிவிடும், பிறந்தபின் அவை பருக்கும், எண்ணிக்கை கூடாது என்று அப்புறம்தான் படித்தேன். வயிறு எரிந்தது.

இப்போது அதே மாட்டுக்கு ஏழு மாதம். கன்றின் எடை பெரும்பாலும் கடைசி 3 மாதத்தில்தானே கூடும்? தேங்காய்ப் புண்ணாக்கு, கோ-4 புல், தாது உப்பு இருக்கிறது. தினம் எவ்வளவு கொடுக்கலாம்? கூடிப்போனால் கன்று பெருத்து ஈனும்போது சிக்கிக்கொள்ளுமோ என்றும் பயம். மாடு ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈற்று. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.