முன்மாதிரிக்கும் பேரளவு உற்பத்திக்கும் நடுவில் வரும் அச்சு: என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் பொருள்கள் செய்யும் தொழிலில் ஆங்கிலத்தில் பிரிட்ஜ் டூலிங் எனப்படும் இந்த நடு அச்சுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இங்கே பிறர் சொன்ன பரிந்துரைகளை மேற்கோளிட்டுப் பதில் எழுதுகிறேன்.

> பிரிட்ஜ் டூலிங் = பாலக் கருவி. நேரான சொல், குழப்பமில்லை.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. கருவி என்றதும் பட்டறைக்காரருக்கு ஸ்பானர்தான் நினைவுக்கு வரும். இங்கே டூல் என்பது அச்சு. பாலம் எதை எதோடு இணைக்கிறது என்பதும் சொல்லில் இல்லை. பெயர் வைக்குமுன் அந்தக் கட்டத்தில் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு மிக்சியின் பிளாஸ்டிக் மூடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு மூலப்படி எடுப்பார்கள். அதைச் சுற்றிச் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, இறுகியதும் அறுத்துப் பிரித்தால் அச்சு தயார். அதில் பாலியூரித்தேன் பிசினை, காற்றுக்குமிழி தங்காதபடி வெற்றிடத்தில் வார்ப்பார்கள். ஓர் அச்சில் ஏறக்குறைய 20 உருப்படிகள் வரும். அப்புறம் சிலிக்கோன் கிழியத் தொடங்கிவிடும். பொருத்திப் பார்க்கவும், வாங்குபவரிடம் காட்டவும் இது போதும்.

பேரளவு உற்பத்திக்கு எஃகு அச்சு வேண்டும். கடினப்படுத்திய எஃகு பல இலட்சம் முறை தாங்கும். ஆனால் செய்துமுடிக்க வாரக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். அதனால் முதலில் அலுமினியத்திலோ மென்மையான எஃகிலோ ஓர் அச்சு செய்து, சில ஆயிரம் உருப்படிகளை எடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

இந்த இடத்தில் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை, செய்முறையே மாறிவிடுகிறது. சிலிக்கோன் வளைந்து கொடுக்கும். சுவர் செங்குத்தாக இருந்தாலும், உள்பக்கம் கொக்கி இருந்தாலும் உரித்து எடுத்துவிடலாம். உலோக அச்சிலோ உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்துவார்கள், அச்சும் வளையாது. சுவருக்கு 1 அல்லது 2 பாகை சரிவு இல்லையென்றால் உருப்படி சிக்கிக்கொள்ளும், இல்லை கீறிக்கொண்டு வரும். தடித்த இடம் மெதுவாக ஆறும், அதன்மேல் குழி விழும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது சுமார் 0.5 விழுக்காடு சுருங்கும், பாலிப்ரொப்பிலீன் 1 முதல் 2.5 வரை போகும். பாலியூரித்தேன் மூடி கீழே விழுந்து உடையவில்லை என்பதற்காக ஏபிஎஸ் மூடியும் உடையாது என்று நம்ப முடியாது. உண்மையான பிளாஸ்டிக்கும் உண்மையான அழுத்தமும் முதன்முதலில் சேர்வது இந்த நடு அச்சில்தான்.

என் பரிந்துரை: இடையச்சு.

> இடைக்கால அச்சு என்றால் இன்னும் தெளிவாக இருக்குமே?

இடைக்கால அரசு மாதிரி, சீக்கிரம் போய்விடும் என்று தோன்றும். விற்பனை குறைவான பொருளுக்கு அந்த அலுமினிய அச்சே கடைசிவரை ஓடுவதும் உண்டு. இடையச்சு வரிசையில் அதன் இடத்தை மட்டும் சொல்கிறது. அச்சு என்றால் வண்டி அச்சும் ஆகும், புத்தக அச்சும் ஆகும் என்றார் இன்னொருவர். அச்சுவெல்லம் வாங்கும் யாருக்கும் அந்தக் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

சிலிக்கோன் அச்சு, இடையச்சு, உற்பத்தி அச்சு என்று மூன்றையும் பிரித்து வைப்பதில் நடைமுறைப் பயனும் உண்டு. வாகன உதிரிபாகத் தொழிலில், உற்பத்திக்குமுன் உதிரிபாகத்துக்கு வாங்குபவரிடம் பெறும் பிபிஏபி ஒப்புதலுக்கு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உற்பத்திக்குரிய அச்சிலேயே தொடர்ச்சியாகக் குறைந்தது 300 உருப்படிகள் ஓட்டிக் காட்ட வேண்டும். “இவை இடையச்சில் எடுத்தவை” என்று ஒரு வரி எழுதினால் தர ஆய்வாளருக்கு விஷயம் விளங்கிவிடும்.

> இன்ஜெக்‌ஷன் மோல்டிங் = ஊசி வார்ப்பு

வேண்டாமே, ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது. உட்செலுத்து வார்ப்பு ஏற்கெனவே புழங்குகிறது, அது இருக்கட்டும். வெறும் வார்ப்பு என்று மட்டும் எழுத வேண்டாம். சிலிக்கோன் அச்சில் ஊற்றுவதற்கும் அதே சொல் வருவதால், இரண்டும் ஒரே வேலை என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

மேலே சொன்ன அந்தச் சரிவுக்கும் ஒரு சொல் வேண்டும். மோல்டு செய்பவர்கள் டிராஃப்ட் என்கிறார்கள், உலோக வார்ப்புக்கான மர பேட்டர்ன் (மாதிரி வடிவம்) செய்பவர்கள் டேப்பர் என்கிறார்கள். உருப்படியை உருவி எடுக்க உதவுவதால் ‘உருவுசரிவு’ என்று யோசித்தேன். உருவம் என்ற பொருள் குறுக்கே வருமா என்று ஐயம். சரிவு என்று மட்டும் போதுமா?