போக்கரில் எல்லா ஹேண்டிலும் ரெய்ஸ் செய்கிறவரை எப்படிச் சமாளிப்பது?

வேளச்சேரி வாசி:
சனிக்கிழமை ராத்திரி எங்கள் ஃபிளாட்டில் ஆறு பேர் டெக்ஸாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம், கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. காசு கிடையாது, வெறும் சிப்ஸ்தான். புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்ன சீட்டு வந்தாலும் ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றுகிறார், ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பெட், டர்னில் (நான்காவது) அதைவிடப் பெரிய பெட், ரிவரில் (ஐந்தாவது) ஆல் இன், அதாவது மிச்ச சிப்ஸ் முழுவதும். நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால் பிளைண்டிலேயே (சீட்டு பார்க்கும் முன்பே முறை வைத்துக் கட்டாயமாகப் போடுவது) சிப்ஸ் கரைந்துவிடுகிறது. ஏஸ்-ஜாக் கையில் இருக்க, ஃப்ளாப்பில் பெரிய சீட்டாக ஜாக்கே வந்தாலும் அந்த ஆல் இன்னைக் கால் செய்யலாமா (அதே அளவு போட்டுத் தொடரலாமா), வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு ஏஸ்:
ப்ரோ, முதலில் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். அவர் உங்களுக்கு வலது பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் பெரும்பாலும் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்கள் முடிவெடுக்க முடியும். நிறைய பேர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம், காத்திருப்பது சரிதான், ஆனால் ஏஸ்-ஏஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது சராசரியாக 221 ஹேண்டுக்கு ஒரு முறைதான் வரும். எந்த ஜோடியானாலும் போதும் என்றால்கூட 17-க்கு ஒன்று. அவர் எந்த இரண்டு சீட்டோடும் வருகிறவர் என்றால் உங்களிடம் பத்து-பத்து இருந்தாலே நான்கில் மூன்று முறை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள், ஏஸ்-ஒன்பதுகூடப் பாதிக்கு மேல்.

கால் செய்வதற்குக் கணக்கு இருக்கிறது. நடுவில் குவிந்த பாட் 100, அவர் 50 போடுகிறார் என்றால் நீங்கள் 50 போட்டு 150-க்கு ஆடுகிறீர்கள், நான்கில் ஒரு முறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. அவர் 100 போட்டால் மூன்றில் ஒரு முறை. 200 போட்டால்கூட ஐந்தில் இரண்டு முறைதான் வேண்டும். நீங்கள் சொல்கிற மாதிரி ஆடுகிறவர் அதைவிட அதிகமாகவே வெற்றுச் சீட்டோடு இருப்பார். அதனால் அந்த ஏஸ்-ஜாக்குக்கு என் பதில், கால். போர்டில் ஒரே பூவில் (ஹார்ட், ஸ்பேட் மாதிரி ஒரே சின்னத்தில்) நான்கு சீட்டு விழுந்துவிட்டால் மட்டும் யோசியுங்கள். ரிவர் வரை நீங்களாக ரெய்ஸ் செய்ய வேண்டாம், செக் (எதுவும் போடாமல் விடுவது), கால், செக், கால் என்று போங்கள், நல்ல சீட்டு இல்லாமலே பிளஃப் செய்து சிப்ஸை உள்ளே போடும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

பெரம்பூர்க்காரன்:
மேலே சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். திருப்பி ரெய்ஸ் செய்தால் அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதை முதலில் பாருங்கள். சிலர் முதல் அடிக்குத்தான் புலி, ரீ-ரெய்ஸ் வந்ததும் ஃபோல்டு செய்து விலகிவிடுவார்கள். அவர்களிடம் ஃப்ளாப்புக்கு முன்னாலேயே நடுத்தரமான சீட்டோடும் திருப்பி அடிக்கலாம். இன்னும் சிலர் எதற்கும் விடவே மாட்டார்கள். அவர்களிடம் பிளஃப் செய்யவே கூடாது, ஆனால் நல்ல சீட்டு வந்தால் ஒளித்து வைக்காமல் பெரிதாகவே ரெய்ஸ் செய்யுங்கள், எப்படியும் கால் செய்வார். யார் எந்த ரகம் என்று தெரிய, நீங்கள் ஃபோல்டு செய்த ஹேண்டிலும் ஷோடவுனில் (கடைசியில் சீட்டைத் திறக்கும்போது) அவர் என்ன காட்டுகிறார் என்று கவனியுங்கள். போனை நோண்டிக்கொண்டிருந்தால் இது தெரியாது.

மயிலாப்பூர் அண்ணா:
தம்பி, உங்கள் ஆட்டத்தில் சிப்ஸ் தீர்ந்தால் என்ன ஆகும்? திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவர் ஏன் பயப்படப் போகிறார்? டோர்னமென்ட் மாதிரி ஆடுங்கள்: எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பிளைண்ட் ஏறட்டும், சிப்ஸ் போனால் அந்த ஆட்டம் முடிகிற வரை வெளியே. ஒரே ஆல் இன்னில் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் யாருக்கும் கை தயங்கும். காசு வைத்தால் தானாக அடங்குவார் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆன்லைனில் காசு கட்டி ஆடுவதை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது, வீட்டில் காசு வைத்தால் நட்புதான் கெடும்.

வேளச்சேரி வாசி:
நன்றி அண்ணா, நன்றி ப்ரோ. இன்னும் ஒரு சந்தேகம். ஃப்ளாப்பில் எனக்கு ஃப்ளஷ் டிரா மட்டும் (ஒரே பூவில் நான்கு, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ்) இருக்கிறது, அவர் பாட் அளவுக்குப் போடுகிறார் என்றால்?

அடையாறு ஏஸ்:
அந்தப் பூவில் மிச்சம் ஒன்பது சீட்டு. டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்தால் சுமார் 35 சதவீதம், டர்னில் மட்டும் என்றால் 19. அந்த பெட்டே அவருடைய ஆல் இன் என்றால் இரண்டு சீட்டையும் பார்த்துவிடுவீர்கள், கால் செய்யுங்கள். இன்னும் சிப்ஸ் வைத்திருக்கிறார், டர்னிலும் அடிப்பார் என்றால், அந்தப் பூ விழுந்த பிறகும் அவர் நிறுத்தாமல் போடுகிறவராக இருந்தால் மட்டும் உள்ளே போங்கள்.