அசாசின்ஸ் கிரீட் தொடருக்குள் புதிதாக நுழைபவர் எந்த கேமில் தொடங்க வேண்டும்?

கோத்தகிரி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டது. கல்லூரி திறக்கும் வரை வீட்டில்தான் இருப்பேன். இந்தத் தொடரை முறையாக விளையாட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆனால் 2007-இல் வந்த முதல் கேம் தொடங்கி 2025-இல் வந்த ஷேடோஸ் வரை பத்துக்கும் மேற்பட்ட பெரிய கேம்கள் இருப்பதால், எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது அண்ணன் பயன்படுத்திய பழைய லேப்டாப். 8 ஜிபி ராம் உண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எங்கள் ஹட்டியில் (மலைச் சிற்றூரில்) மழைக்காலம் வந்துவிட்டால் கற்பூர மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது வழக்கம். மேலும், நான் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்வேன், வேகமான பேச்சைக் காதால் பிடிப்பது கடினம். இவற்றையும் மனத்தில் வைத்து வழிகாட்டுங்கள்.

உதகைவாசி:
தங்கைக்கு வணக்கம். வெளிவந்த வரிசையிலேயே, அதாவது 2007-இன் முதல் கேமிலிருந்தே தொடங்குங்கள். 2012-இல் வாழும் டெஸ்மண்ட் மைல்ஸ் என்ற இளைஞன் அனிமஸ் என்ற கருவியில் படுத்துத் தன் முன்னோரின் நினைவுகளுக்குள் செல்கிறான் என்பதுதான் இத்தொடரின் முதுகெலும்பு. அவனது கதை முதல் கேமில் தொடங்கி, 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் முடிகிறது. மூன்றாம் சிலுவைப் போர் நடக்கும் 1191-இல், அந்த முன்னோருள் ஒருவனான அல்டயர், அசாசின் என்ற இரகசியக் கொலையாளிகளின் அமைப்பில் இருந்துகொண்டு அதன் விதிகளை மீறித் தகுதி இழப்பதும், ஒவ்வொரு பணியாக முடித்து அதை மீட்பதும்தான் முதல் கேமின் கதை. அசாசின் என்பவன் யார், எதற்காக வாளை எடுக்கிறான் என்பதை வேறு எந்த பாகமும் இவ்வளவு பொறுமையாகக் கற்றுத் தருவதில்லை.

டமாஸ்கஸில் வரும் முதல் இலக்கான தமீரை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் அமர்ந்து ஒட்டுக்கேட்டும், பையிலிருந்து கடிதத்தை உருவியும் தகவல் சேர்த்த பிறகுதான் அமைப்பின் அலுவலகத்தில் கொலைக்கு அனுமதியாக ஓர் இறகு தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போனால், தமீர் கூட்டத்தின் நடுவே ஒரு வயதான மனிதரைத் திட்டித் தீர்த்து அங்கேயே குத்திக் கொல்வதை நாம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்க்க நேர்கிறது. அந்த நிமிடத்தில் கத்தியை எடுக்காமல் காத்திருப்பதே இந்தத் தொடரின் முதல் பாடம். பிந்தைய கேம்களின் வசதிகளுக்குக் கை பழகிவிட்டால் முதல் கேம் விறைப்பாகத் தோன்றும். ஆகவே அதை ரசித்து விளையாட ஏற்ற காலம், வேறு எதையும் தொடாத இந்தக் காலம்தான்.

குன்னூர் தேயிலை:
உதகை நண்பர் சொல்லும் அழகுகள் அனைத்தும் அந்த கேமில் உண்டு. ஆயினும் கேள்வி கேட்டவர் எழுதியதன் கடைசி வரிகளை அவர் கவனிக்கவில்லை. 2007-இன் கேமில் சப்டைட்டில் என்ற வசதியே கிடையாது. ஒவ்வொரு இலக்கும் இறக்கும் தறுவாயில் அல்டயருடன் நெடுநேரம் வாதிடுகிறது; தான் செய்ததற்கு நியாயம் சொல்கிறது; அந்த நியாயங்களைக் கேட்டுத்தான் அல்டயரின் மனம் மாறுகிறது. அந்தக் கேமின் உயிர் அந்த உரையாடல்களில் இருக்கிறது, அவற்றில் ஒரு சொல்லும் திரையில் எழுத்தாக வராது. காதால் பிடிக்கச் சிரமப்படும் ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், ஒன்பது இலக்குகளுக்கும் ஒரே மாதிரியான விசாரணை வேலைகள் மட்டுமே அவருக்கு மிஞ்சும். கதை கைவிட்டுப் போன பிறகு அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டும்?

இரண்டாம் பாகத்தில் தொடங்கலாம். 2009-இல் வந்த அதில் சப்டைட்டில் உண்டு, 10 ஜிபிக்கும் குறைவான இடமே போதும். டெஸ்மண்ட் தன்னை அடைத்துவைத்திருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து தப்புவதில் அது தொடங்குவதால், மேலே நண்பர் எழுதிய சுருக்கமே முன்கதையாகப் போதுமானது. 1476-இன் ஃபுளோரன்ஸில் அதன் நாயகன் எட்சியோ தன் அண்ணனுடன் பந்தயம் கட்டி இரவில் தேவாலயக் கூரைக்கு ஏறும் இடத்தில், பாடம் நடக்கிறது என்ற உணர்வே இல்லாமல் சுவர் ஏறக் கற்றுக்கொள்கிறோம். இறகு இங்கேயும் உண்டு. நோயாளியான தம்பி பெட்ருச்சியோ எட்சியோவிடம் இறகுகளைக் கேட்டு வாங்குகிறான். அந்தக் குடும்பத்துக்கு நேர்வதற்குப் பிறகு, நகரக் கூரைகளில் கிடக்கும் ஒவ்வோர் இறகையும் அம்மாவுக்காக எடுத்துவரும்போது தொண்டை அடைக்கிறது. நான் இந்தத் தொடரை நேசிக்கத் தொடங்கியது அங்கேதான்.

கூடலூர் நண்பர்:
இரண்டுமே பழையவை. 2013-இல் வந்த பிளாக் ஃபிளாக்கில் நாயகன் எட்வர்ட் கென்வே முதலில் அசாசினே அல்ல. இறந்த ஒருவனின் உடையை அணிந்துகொண்டு கதைக்குள் நுழைகிறான். நம்மைப் போலவே அவனுக்கும் எதுவும் தெரியாது என்பதால் புதியவருக்கு அதுவே ஏற்றது. இல்லாவிட்டால் வரலாற்றுக் கால வரிசையில் போகலாமே?

உதகைவாசி:
கால வரிசை என்றால் கி.மு. 431-இல் நடக்கும் ஒடிசியில் தொடங்க வேண்டியிருக்கும். அசாசின் அமைப்பே உருவாகாத காலத்தில், தொடரிலேயே மிகப் பெரிய வரைபடங்களுள் ஒன்றில், புதியவர் எதற்காக அலைகிறோம் என்று தெரியாமல் அலைவார். அந்த லேப்டாப்பும் அதைத் தாங்காது. பிளாக் ஃபிளாக் நல்ல கேம், கடற்பயணத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் எட்வர்டின் வாரிசுகளின் கதை மூன்றாம் பாகத்தில் வருகிறது. அதை முடித்தவருக்குத்தான் பிளாக் ஃபிளாக்கின் இறுதிக்காட்சி எவ்வளவு கனமானது என்று புரியும். இதற்கு மேல் சொன்னால் கதை வெளிப்பட்டுவிடும்.

சப்டைட்டில் பற்றிக் குன்னூர் நண்பர் சொன்னது வலுவான வாதம். ஆனால் அதற்காக அல்டயரை முற்றிலும் விட்டுவிட முடியாது. 2011-இன் ரெவலேஷன்ஸில் முதிர்ந்த எட்சியோ, அல்டயரின் நினைவுகளைத் தேடியே அசாசின்களின் பழைய கோட்டையான மாஸியாஃபுக்குச் செல்கிறான். அல்டயரோடு ஒருநாளும் நடக்காதவருக்கு அந்தத் தேடல் யாரோ ஒருவரைத் தேடுவதாகவே இருக்கும்.

குன்னூர் தேயிலை:
ரெவலேஷன்ஸ் அந்த நினைவுகளை நம் கையாலேயே விளையாட வைக்கிறது. அல்டயரின் இளமை, முதுமை இரண்டும் அதிலேயே சப்டைட்டிலோடு வருகின்றன. எட்சியோ எப்படி ஒரு மூத்தவரின் வாழ்வைத் துண்டு துண்டாக அறிகிறானோ, அப்படியே விளையாடுபவரும் அறிந்துகொள்ளலாம். அது குறையாகாது.

கோத்தகிரி மாணவி:
இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. சப்டைட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் பாகத்தில் தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: இரண்டாம் பாகம் கணினிக்கு வந்தபோது விளையாடும் நேரம் முழுவதும் இணையம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததாகப் படித்தேன். எங்கள் பகுதியில் அது நடக்காத காரியம். பாதியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?

குன்னூர் தேயிலை:
அந்தக் கட்டாயம் 2010-இல் கடும் எதிர்ப்பைச் சந்தித்துப் பின்னர் நீக்கப்பட்டது. நாமாக சேவ் செய்யும் வசதி அதில் இல்லை, கேம் தானாகவே செய்துகொள்ளும். லேப்டாப்பின் பேட்டரி சற்று நேரம் தாங்கினால், நடக்கும் பணியை முடித்துவிட்டு அணைத்துவிடுங்கள்.

உதகைவாசி:
இரண்டாம் பாகத்தையும், 2010-இன் பிரதர்ஹுட்டையும் முடித்துவிட்டு, ரெவலேஷன்ஸைத் தொடும் முன் முதல் கேமில் தமீர் வரைக்கும் மட்டும் விளையாடிப் பாருங்கள். அவன் பேச்சில் புரியாதது இருந்தால் இங்கே கேளுங்கள், வரிக்கு வரி எழுதித் தருகிறேன்.